கயிறும் முளையும்

கடலூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலத்திற்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அமைந்தது வேப்பூர். ஆட்டுச் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. அதற்குக் கிழக்கே மணிமுத்தாற்றின் கரையில், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட விருத்தாசலம் விளங்குகிறது. அந்நகரில் பீங்கான் தொழிற்பேட்டை ஒன்று உண்டு; அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண் அருகிலேயே கிடைப்பது அத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. தேநீர்க் கிண்ணம், தட்டு, அகல், பொம்மை, மின்கம்பத்தில் ஏறும் மின்காப்பான், வீட்டுச் சுவரில் பொருந்தும் பியூஸ் கட்டை எனப் பலவகைப் பொருள்கள் அங்கே சூளையேறி வெளிப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வாயும் அடியும் வட்டமே.

இத்தகைய நிலப்பகுதியில் பிறந்து வளரும் மாணவர், வட்டத்தைப்பற்றிய பாடத்தைப் பள்ளியில் எவ்வாறு கற்கின்றனர்? ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்கின்றனர். 22ஐ 7ஆல் வகுக்கின்றனர். விடையின் பின்னே சதுர சென்டிமீட்டர் என்று எழுதி அடிக்கோடு இடுகின்றனர். ஜாமெட்ரி பெட்டியிலுள்ள கவராயம் தேர்வுக்கு முந்தின நாள் தேடப்படுகிறது. சாலைக்கு அப்பால் சுழலும் திகிரிக்கும் கரும்பலகையில் எழுதப்பட்ட எழுத்துக்கும் யாதொரு தொடர்பும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இது பெருங்குறை. வட்டம் கையால் கற்கத்தக்க பொருள். கையால் கற்ற பின்னரே அதனை ஏட்டில் எழுதுதல் முறை.

சந்தைக்கு வந்த ஆடு ஒன்று, வெற்று நிலத்தில் அறையப்பட்ட முளையில் கட்டப்பட்டிருப்பதாகக் கொள்க. கயிறு எட்டும் அளவும் அது புல் மேயும். கயிறு விறைப்பாக நிற்க அது ஒரு சுற்று நடந்தால், அதன் அடிச்சுவடு எவ்விடத்தும் முளையிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும். வட்டத்தின் இலக்கணம் இதுவே. ஒரு புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் உள்ள புள்ளிகள் யாவும் கூடிய கோடு வட்டம் என ஏட்டில் எழுதியிருப்பதை அந்த ஆடு புல்தரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. பெட்டியிலுள்ள கவராயம் இந்தக் கயிறும் முளையுமே அன்றி வேறன்று. கூர்முனை முளை, இரு கால்களுக்கும் இடைப்பட்ட அகலம் கயிறு. கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது போவதும், கயிறு தளர்ந்தால் ஆட்டின் வழி உட்புறமாகச் சாய்வதும் ஒரே குற்றத்தின் இரு தோற்றங்கள்.

கயிற்றின் நீளம் 3 மீட்டராயின், ஆடு மேயும் பரப்பு 28 சதுர மீட்டருக்குச் சற்று மிகும். கயிற்றை 6 மீட்டராக நீட்டினால் பரப்பு இருமடங்காகும் என்றே பலரும் விரைந்து விடை கூறுவர். உண்மையில் அது 113 சதுர மீட்டராகிறது, நான்கு மடங்கு. ஆடு மேய்ப்பவர் இதனைச் சூத்திரமின்றியே அறிவர். சூத்திரம் அறிந்த மாணவர் இதில் இடறி விழுவதைக் காண்பது வியப்பன்று, வருத்தமே.

வட்டத்தின் உறுப்புகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை ஒருகால் எண்ணிப் பார்த்தல் நலம். வட்டத்தில் ஒரு பகுதியை வில் என்கிறோம். அதன் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டை நாண் என்கிறோம். வில்லையும் அதில் பூட்டிய கயிற்றையும் கண்டவர் இட்ட பெயர்கள் இவை. மையத்திலிருந்து வட்டத்தைச் சேரும் கோட்டை ஆரம் என்கிறோம். வண்டிச் சக்கரத்தில் குடத்தினின்று வட்டையைத் தாங்கி நிற்கும் ஆரக்காலை இப்பெயர் நினைவூட்டுகிறது. இலங்கைத் தமிழர் தம் பாடநூல்களில் இதனை ஆரை என்றே எழுதுவர். போர்க்களமும் வண்டிப் பட்டறையும் இச்சொற்களில் ஒலிக்கின்றன. இவற்றின் பொருளை ஒரு நாழிகை விளக்கிக் கூறும் ஆசிரியர், பின்னர் இலக்கணத்தை மனப்பாடம் செய்விக்கும் தொல்லையிலிருந்து விடுபடுவார்.

குயவர் வட்டம் இயற்றும் வழி ஆட்டின் வழிக்கு மாறானது. பழந்தமிழில் வேட்கோவர் எனப் பெயர் பெற்ற அக்கலைஞர், கையை அசையாது நிறுத்தி மண்ணைச் சுழலவிடுகின்றனர். கவராயத்தில் மையம் நிற்க முனை சுற்றுகிறது. திகிரியில் விரல் நிற்க மண் சுற்றுகிறது. இரண்டிலும் தொலைவு மாறாமையே உயிர். பிசைந்த மண்ணைத் திகிரியின் நடுவில் அமர்த்துவதே அத்தொழிலில் முதலாவதும் கடினமானதுமான பாடம். நடு சிறிது விலகினும் கலத்தின் சுவர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து, ஆட்டங்கொண்டு சாயும். மையம் என்பது கண்ணுக்குத் தெரியாத புள்ளியாயினும், அது தவறிய இடத்தில் கை உடனே அறிந்துகொள்கிறது.

இனி, முன்பே செய்து முடிந்த தட்டு ஒன்று கையில் உள்ளது. அதன் நடுவில் துளையிட வேண்டும். மையத்தை எங்ஙனம் காண்பது? கண்மதிப்பால் குறிப்பவர் பெரும்பாலும் தவறுவர். தட்டைத் தாளின்மீது கவிழ்த்து அதன் விளிம்பை ஒட்டி வரைந்துகொள்க. அவ்வட்டத்தில் ஒன்றுக்கொன்று இணையாகாத இரு நாண்களை வரைக. முதல் நாணின் ஒரு முனையில் கவராயத்தை ஊன்றி, நாணின் பாதியினும் மிகுந்த அகலத்துடன் மேலும் கீழும் வில் வரைக. அகலத்தை மாற்றாமல் மறுமுனையில் ஊன்றி மீண்டும் வரைக. விற்கள் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளையும் சேர்த்த கோடு, நாணை இருசமமாகச் செங்குத்தாக வெட்டும். இரண்டாம் நாணுக்கும் அவ்வாறே செய்க. இரு கோடுகளும் சந்திக்கும் புள்ளியே மையம். நாணின் இரு முனைகளுக்கும் சமதொலைவிலுள்ள புள்ளிகள் எல்லாம் அச்செங்குத்துக் கோட்டின்மேலேயே உள்ளன. மையமோ வட்டத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் சமதொலைவில் உள்ளது. ஆதலின் அது இரு கோடுகளிலும் இருந்தே தீர வேண்டும். காரணம் இவ்வளவே.

இம்முறைக்கு முழுத்தட்டு வேண்டுவதில்லை என்பது இதன் சிறப்பு. உடைந்த ஓடு ஒன்றின் விளிம்பு சிறிது எஞ்சியிருந்தால் போதும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும், அண்மை ஆண்டுகளில் கீழடியில் அகழ்ந்தபோதும், மண்ணிலிருந்து கிடைத்த கலங்களுள் மிகப் பல உடைந்த ஓடுகளே. விளிம்போட்டின் வளைவைக்கொண்டே அந்தக் கலத்தின் வாய் எவ்வளவு அகன்றிருந்தது என ஆய்வாளர் கணிக்கின்றனர். அதற்கு எளிய கணக்கு ஒன்றும் உண்டு. ஓட்டின் விளிம்பில் 12 சென்டிமீட்டர் நாண் ஒன்று அமைகிறது என்க. நாணின் நடுவிலிருந்து வில்லின் முகடு வரை 2 சென்டிமீட்டர் உயரம் என்க. பாதி நாண் 6. அதன் வர்க்கம் 36. அதனை உயரமாகிய 2ஆல் வகுக்க 18. அதனோடு அந்த 2ஐக் கூட்ட 20. கலத்தின் வாய் 20 சென்டிமீட்டர் விட்டமுடையது. ஒரு வட்டத்தினுள் இரு நாண்கள் வெட்டிக்கொள்ளும்போது, ஒன்றன் இரு துண்டுகளைப் பெருக்கிய தொகையும் மற்றொன்றன் இரு துண்டுகளைப் பெருக்கிய தொகையும் சமம் என்னும் உண்மையே இக்கணக்கின் வேர். ஈண்டு 6ஐ 6ஆல் பெருக்குவதும் 2ஐ 18ஆல் பெருக்குவதும் ஒன்றாதல் காண்க. நாணின் நடுவிலிருந்து எழும் இந்த உயரத்தை வடமொழிக் கணித நூலார் சரம், அதாவது அம்பு, என்றனர். இலத்தீன் மொழியிலும் இதற்கு அம்பு என்றே பெயர். வில்லும் நாணும் இருக்க அம்பு இல்லாமற்போகுமா?

நாணை இருகூறாக்கும் அந்த வரைமுறை, கோயிலும் மனையும் எழுப்பியவர் திசை காண்பதற்கும் பயன்பட்டது. ஞாயிறு தோன்றும் இடமே கிழக்கு எனச் சிறுவர் கற்கின்றனர். ஆயினும் அது நேர்கிழக்கில் தோன்றுவது ஆண்டில் இரு நாள்களிலேயே; மார்ச்சுத் திங்கள் 20, 21ஆம் நாள்களை ஒட்டியும், செப்டம்பர்த் திங்கள் 22, 23ஆம் நாள்களை ஒட்டியும். சூன், திசம்பர்த் திங்கள்களில் அது வேப்பூரில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை விலகித் தோன்றும். எனவே ஞாயிற்றை நோக்கிக் கைநீட்டிக் கிழக்கைக் குறிப்பவர் வைத்த கடைக்கால் கோணும். முன்னோர் நிழலை நாடினர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனைக்கு இடம் வகுத்தபோது நிழல்கொண்டு திசை குறித்து நூல் பிடித்து அளந்த செய்தியைக் கூறுகிறது. சிற்ப நூல்கள் அம்முறையை விரித்துரைக்கின்றன.

சமதளமான நிலத்தில் ஒரு முழ உயரமுள்ள கோலைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நடுக. அக்கோலை மையமாக வைத்து, அதன் உயரத்தைப்போல் இருமடங்கு நீளமுள்ள கயிற்றால் ஒரு வட்டம் வரைக. காலையில் கோலின் நிழல் மேற்கே நீண்டு வட்டத்திற்கு வெளியே கிடக்கும். வெயில் ஏற ஏற நிழல் குறுகி, அதன் நுனி ஓரிடத்தில் வட்டத்தைத் தொட்டு உள்ளே புகும். அவ்விடத்தில் ஒரு முளை அறைக. பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு, கிழக்குப் புறத்தில் வட்டத்தைத் தொட்டு வெளியேறும். அங்கும் ஒரு முளை அறைக. இரு முளைகளையும் சேர்த்த கோடு மேற்குக் கிழக்காக நிற்கும். பின்னர், இரு முளைகளிலும் ஒரே நீளமுள்ள கயிற்றைக் கட்டி இரண்டு விற்கள் வரைந்தால், அவை ஒன்றோடொன்று கலந்து நடுவில் மீன்போன்ற வடிவம் ஒன்றைத் தோற்றுவிக்கும். அம்மீனின் தலையையும் வாலையும் சேர்த்த கோடே வடக்குத் தெற்கு. இக்கோடு நடுவிலுள்ள கோலின் அடியைத் தொட்டுச் செல்ல வேண்டும். தொடாவிடின் எங்கோ பிழை நேர்ந்தது என்பது விளங்கும். ஏனெனில், இரு முளைகளுக்கும் இடைப்பட்ட கோடு அவ்வட்டத்தின் ஒரு நாணே. நாணை இருசமமாகச் செங்குத்தாக வெட்டும் கோடு மையத்தின் வழியே செல்லாமல் இராது. தட்டின் நடுவைக் காட்டிய அதே வரைமுறை திசையையும் காட்டுகிறது. தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரையும் படம் இத்துணை வேலைகளுக்கும் உரியது என்பதை அறியாமலே பள்ளியைவிட்டு நீங்கும் மாணவர் எத்தனை பேர்!

சுற்றளவைப்பற்றிய செய்திக்கு வருவோம். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின்மேல் அடியெடுத்து வைத்துச் சென்றால், அது ஆறு அடியில் தொடங்கிய இடத்தை அடையும். அப்புள்ளிகளைக்கொண்டு ஆறிதழ்ப் பூ வரையாத சிறுவர் இலர். ஆனால் அப்பூவில் அடங்கிய உண்மையை எண்ணியவர் சிலரே. அந்த ஆறு புள்ளிகளையும் நேர்கோட்டால் சேர்த்தால் உண்டாகும் அறுகோணத்தின் சுற்று ஆறு ஆரம், அதாவது மூன்று விட்டம். வில் எப்பொழுதும் தன் நாணினும் நீண்டது. ஆகவே வட்டத்தின் சுற்றளவு மூன்று விட்டத்தினும் மிகுதியாகவே இருத்தல் வேண்டும். எவ்வளவு மிகுதி? கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீசு 96 பக்கமுள்ள உருவங்களை வட்டத்தின் உள்ளும் புறமும் அமைத்து, அம்மிகுதி விட்டத்தில் ஏழில் ஒரு பங்கிற்குக் குறைந்தது, எழுபத்தொன்றில் பத்துப் பங்கிற்கு மிகுந்தது என நிறுவினார். ஆரியபடர் கி.பி. 499இல், 20,000 விட்டமுடைய வட்டத்திற்கு 62,832 சுற்றளவு எனக் கூறினார்; கூறியதோடு நில்லாமல் இது அணுகிய அளவே என்றும் குறித்துவைத்தார்.

அந்த ஒரு சொல் பெரிதும் போற்றத்தக்கது. இன்றைய வகுப்பறைகளில் பலவிடத்தும் அது மறைந்துவிட்டது. பை என்பதற்கு 22/7 என்று சமக்குறி இட்டு எழுதும் வழக்கம் வேரூன்றிப்போனமையால், அவ்விரண்டும் ஒன்றே என்று உயர்நிலை வகுப்பு மாணவரும் நம்புகின்றனர். 22/7 என்பது வசதியான அளவு, உண்மை அளவன்று. 7 மீட்டர் விட்டமுடைய கிணற்றின் சுற்றளவை அது 22 மீட்டர் என்று கூறும். உண்மை அதனினும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறைவு. கிணறு கட்டுபவர்க்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. ஆயின் வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லர்க்கு அது பொருட்டாகலாம். மரச்சக்கரத்தின் சுற்றளவைக் கயிற்றால் நேரே அளந்து, அதனினும் சிறிது குறைவாகவே அவர் பட்டையை வளைத்துப் பற்றவைக்கிறார். நெருப்பிலிட்டுப் பழுத்த பட்டை விரிந்து சக்கரத்தில் ஏறுகிறது. நீர் ஊற்றியதும் சுருங்கி இறுகுகிறது. சுற்றளவில் 2 சென்டிமீட்டர் வேறுபட்டால் ஆரத்தில் 3 மில்லிமீட்டரே வேறுபடும். அந்த 3 மில்லிமீட்டரில் சக்கரத்தின் ஆயுள் அடங்கியிருக்கிறது. கொல்லர் 22/7ஐ நாடவில்லை, கயிற்றை நாடினார். தாம் கையாளும் அளவு எவ்வளவு நம்பத்தக்கது என அறிந்து கையாளுவதே கணக்கறிவு.

இனிப் பரப்பு. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் தமிழ்நூல், வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும் என விதிக்கிறது. இவ்விதி தோராயம் அன்று. மயிரிழையும் பிழையாத உண்மை. இதில் 22/7 இல்லை, பையும் இல்லை. கயிற்றால் சுற்றையும் விட்டத்தையும் அளந்தவர் எவரும் பரப்பை அறியலாம். இதன் உண்மையை வேப்பூர் மாணவர் களிமண்ணிலேயே காணலாகும். ஈரமண்ணை வட்டமான அடையாகத் தட்டி, மையத்தின் வழியே பதினாறு கூறாக நூலால் அறுக்க. ஒன்றன் கூர் மேல்நோக்கவும் அடுத்ததன் கூர் கீழ்நோக்கவும் அவற்றை வரிசையாகப் பொருத்துக. ஏறத்தாழ நீள்சதுரமாக ஓர் உருவம் தோன்றும். அதன் அகலம் ஆரம், அதாவது பாதி விட்டம். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. கூறுகள் சிறுகச் சிறுக அவ்வுருவம் நீள்சதுரத்தை மேன்மேலும் நெருங்கும். இவ்வளவையும் செய்து பார்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரமே பள்ளிகளில் கிடைப்பதில்லை என்பர்.

இவ்விதியைப்பற்றிப் பேசும்போது இரு திறத்தார் இரு வேறு பிழை புரிகின்றனர். ஒரு திறத்தார், நம் முன்னோர் கணிதம் அறியார், அனைத்தும் மேனாட்டினின்று வந்தன என்பர். அவர்கள் கணக்கதிகாரத்தைப் புரட்டிப் பாராதவர். மற்றொரு திறத்தார், உலகில் வேறு எவரும் அறியாமுன் தமிழர் மட்டுமே இதனை அறிந்திருந்தனர் என முழங்குவர். ஆர்க்கிமிடீசு கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே இதே உண்மையை நிறுவினார். சீனரின் ஒன்பது அதிகாரங்கள் என்னும் பழைய கணித நூலில் பாதிச் சுற்றளவு, பாதி விட்டம் என்னும் இவ்விதி அப்படியே உள்ளது. ஆரியபடரும் இதனையே கூறினார். வெவ்வேறு நாட்டார் ஒரே வட்டத்தை நேர்மையாக அளந்தால் ஒரே விதி கிடைப்பதில் வியப்பு யாது? தமிழ்நூலில் இஃது இருத்தல் தமிழர்க்குப் பெருமையே. அப்பெருமையை மிகைப்படுத்துபவர், பிறர் நகைத்தற்கு இடந்தந்து அதனைக் குறைத்துவிடுகின்றனர். பழம்பெருமை பேசுவோருள் சிலர் வட்டத்தின் சுற்றளவைக் கயிறு பிடித்து ஒருமுறையேனும் அளந்ததில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடாமல் விடுதற்கில்லை.

உண்மையான பெருமைக்குத் தமிழ்நாட்டில் சான்று வேண்டுவோர், ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசனை நினைத்தல் தகும். வட்டத்திற்குச் சமமான பரப்புடைய சதுரத்தைக் கவராயமும் நேர்விளிம்பும் மட்டுமே கொண்டு வரைதல் இயலுமா என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வினா. அது முற்றிலும் இயலாது என்பதற்கு 1882இல் செருமானிய நாட்டு லிண்டமன் கண்ட முடிவு வழிகோலிற்று. இயலாது என முடிந்த பின்னரும், எவ்வளவு நெருங்கலாம் என்னும் வினா எஞ்சியிருந்தது. இராமானுசன் 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். பள்ளி மாணவர் அறிந்த செயல்களையே அவர் அதில் கையாண்டார்: விட்டத்தைக் கூறிடுதல், செங்குத்து வரைதல், இணைகோடு வரைதல், தொடுகோடு வரைதல். அவற்றால் 355/113 என்னும் அளவு வெளிப்படுமாறு அமைத்தார். அவ்வளவை ஐந்தாம் நூற்றாண்டிலேயே சீனத்துச் சூ சொங்சி அறிந்திருந்தார் எனினும், அதனைக் கவராயத்தால் இத்துணை நயமாக வரைந்து காட்டியது இராமானுசன் திறம். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாயினும், தாம் வரைந்த சதுரத்தின் பக்கம் உண்மை அளவினும் ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகும் என்று அவர் எழுதினார். அப்பரப்பு இன்றைய தமிழ்நாட்டைப்போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. பிழை இவ்வளவு எனத் தாமே அளந்து கூறிய அந்த நேர்மையைக் காண்க.

மீண்டும் சூளைக்கு வருதல் வேண்டும். வட்டத்தை ஏட்டளவில் கற்றவர் உண்மையில் இழப்பது யாது என்பது அங்கேதான் தெரிகிறது. ஈரமாக இருந்த கலம் உலரும்போது நீர் நீங்கிச் சுருங்கும். சூளையில் வேகும்போது மேலும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணின் கலவையைப் பொறுத்தது. பத்தில் ஒரு பங்கு சுருங்கும் கலவை ஒன்று என்க. முடிவில் 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம் வேண்டும். ஈரத்தில் எவ்வளவு விட்டம் வைப்பது? 9இல் பத்தில் ஒரு பங்கு 0.9; இரண்டையும் கூட்ட 9.9 என்று விடை கூறுபவர் பலர். அவ்வாறு செய்த கிண்ணம் சூளையிலிருந்து 8.91 சென்டிமீட்டராக வெளிப்படும். குறைந்தது ஈரக்கலத்தின் பத்தில் ஒரு பங்கே அன்றி முடிந்த கலத்தின் பத்தில் ஒரு பங்கன்று. ஆதலின் சரியான விடை 10 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இப்பிழை ஒரு கிண்ணத்தில் தோன்றாது. ஆயின் மூடியை ஒருவர் 9.9 என்றும் சாடியை மற்றொருவர் 10 என்றும் கணக்கிட்டால், ஒரு சூளை நிறைய மூடிகள் பொருந்தாமல் வீணாகும். எரித்த எரிபொருளும் உழைத்த கையும் அவற்றோடு வீணாகும். வெந்த மண் மீண்டும் பிசையத்தக்கது அன்று.

விட்டம் பத்தில் ஒன்று குறையும்போது சுற்றளவும் அதே விகிதத்தில் குறைகிறது. வாயின் பரப்போ அவ்வாறன்று. நூற்றுக்கு 100 இருந்தது 81 ஆகிறது. கொள்ளளவு, ஆயிரத்துக்கு 1,000 இருந்தது 729 ஆகிறது. ஈரத்தில் ஒரு லிட்டர் கொள்ளும் சாடி, வெந்தபின் முக்கால் லிட்டரும் கொள்ளாது. ஆட்டுக்கயிற்றை இருமடங்காக்கியபோது பரப்பு நான்கு மடங்கானதும் இந்த நியாயம் பற்றியே. ஒருபுறம் காற்றுப்பட்டு விரைந்து உலரும் கலம் வட்டம் நீங்கி முட்டை வடிவம் அடைவதால், அனுபவம் வாய்ந்த தொழிலாளர் கலங்களை நிழலில் பரப்பி, திருப்பித் திருப்பி வைத்து உலர்த்துகின்றனர். எல்லாப் புறமும் சமமாகச் சுருங்கினால் மட்டுமே வட்டம் சிறிய வட்டமாக நிலைபெறும் என்னும் வடிவியல் உண்மையை அவர்கள் விரல்கள் அறியும். அத்தகையோர் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் தமக்கு ஒன்றும் தெரியாது என நாணித் தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பது எவ்வளவு பொருந்தாத காட்சி!

இவற்றுக்கு மறுப்புரைப்போரும் உளர். இக்காலத்தில் தட்டுகளும் கிண்ணங்களும் பாரிஸ் சாந்து அச்சில் எந்திரத்தின் துணையால் செய்யப்படுகின்றன. படங்களைக் கணினி வரைகிறது. கயிறும் முளையும் எதற்கு என்பர். வினா தக்கதே. ஆயினும் அவ்வச்சை எந்த அளவில் செய்வது என்று முடிவு செய்பவர் மனிதரே. கலவை மாறும்போது சுருக்கமும் மாறும்; அதனை அறிந்து எண்ணைத் திருத்திக் கொடுக்காவிடின், கணினி பிழையான வட்டத்தையும் மிக அழகாகவே வரைந்து தரும். பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆசிரியர்மேல் பழி சுமத்துதல் முறையன்று. எனினும் வட்டத்தைப்பற்றி ஒரே வகையான இருபது கணக்குகளை எழுதுவிக்கும் காலத்தில், பத்தைக் குறைத்து இரண்டு நாள்களை வெளியில் செலவிடுதல் இயலாத செயலன்று.

முதல் நாள் விளையாட்டுத் திடலில் கழிக. கயிறு, இரண்டு முளை, ஒரு கோல், தூக்குக்குண்டு ஆகியவை போதும். காலை வகுப்பில் ஒரு நிழற்குறி, மாலை வகுப்பில் மற்றொன்று. பள்ளி விடுமுன் மீன் வடிவம் தோன்றிவிடும். பள்ளிக் கட்டடத்தின் சுவர் உண்மையான வடக்குத் தெற்கினின்று எத்தனை பாகை விலகியுள்ளது என்று கோணமானியால் அளந்து மாணவர் எழுதிவைக்கலாம்.

இரண்டாம் நாள் சூளைக்கு உரியது. விருத்தாசலத்தில் ஏதேனும் ஒரு பட்டறையில் இசைவு பெற்று, ஈரமான கிண்ணங்கள் பத்தின் அடியில் ஒன்று முதல் பத்து வரை எண் பொறித்து, ஒவ்வொன்றன் விட்டத்தையும் இரண்டு திசைகளில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபின் ஒருமுறை, வெந்தபின் ஒருமுறை. மூன்று அளவுகளையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால், உலர்தலில் எவ்வளவு சுருங்கியது, வேகுதலில் எவ்வளவு சுருங்கியது, எந்தக் கிண்ணம் வட்டம் பிறழ்ந்தது என்பவை வெளிப்படும். பத்துள் ஒன்று சூளையில் விரிசல் கண்டு உடைந்துபோதலும் கூடும். அவ்வாறு நேர்ந்தால் அதன் விளிம்போட்டை எடுத்து, நாணையும் அம்பையும் அளந்து, முழுக்கிண்ணத்தின் விட்டம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, எஞ்சிய ஒன்பதோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.